கந்தோரும் இல்லமும்: கொழும்பு ஊழியர் நலத்தின் வரலாறு

கந்தோர் என்னும் சொல் ஒல்லாந்தர் இந்நாட்டில் விட்டுச் சென்றது. 1656ஆம் ஆண்டில் கொழும்புக் கோட்டையைக் கைப்பற்றிய அவர்கள், 1796ஆம் ஆண்டில் அதனை ஆங்கிலேயரிடம் இழந்தனர். அவர்தம் ஆட்சி மறைந்தது. எழுதுவோரை இருத்தி அவர்கள் வேலை வாங்கிய இடத்தின் பெயர் மட்டும் ஈழத்தமிழர் நாவில் நிலைத்துவிட்டது. ஒருவர் கந்தோருக்குப் போகிறார் என்றால், காலையில் இல்லத்தை விட்டு நீங்கி மாலையில் இல்லம் திரும்புவார் என்பது பொருள். போதலும் வருதலும் அச்சொல்லினுள்ளேயே அடங்கியிருந்தன. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொழும்பு வாழ் ஊழியர் பலருக்கு அந்தப் போக்குவரவு திடீரென நின்றது, இல்லமே கந்தோராயிற்று. அம்மாற்றத்தின் நன்மை தீமைகளை நிறுத்துப் பார்க்க வேண்டுமாயின், இல்லமும் கந்தோரும் இம்மாநகரில் எவ்வாறு பிரிந்தன என்பதையும், பிரிந்த பின்னர் ஊழியர் தம் நலத்தை எவ்வாறு படிப்படியாகப் பெற்றனர் என்பதையும் முதலில் அறிதல் வேண்டும்.

இல்லமும் தொழிலிடமும் ஒன்றாயிருத்தல் கொழும்புக்குப் புதிதன்று. கொட்டாஞ்சேனைக்கு அணித்தான செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கிட்டங்கிகளை அமைத்து வாழ்ந்த காலத்தை நோக்குவோம். கிட்டங்கி என்பது பண்டசாலை, வட்டிக்கடை, உறைவிடம் ஆகிய மூன்றும் சேர்ந்த நீண்ட கட்டிடம். ஒரே கூடத்தில் பல முதலாளிகளின் பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பெட்டியின் பின்னாலும் அந்தந்தக் கடையின் மேலாள் அமர்ந்து கணக்கெழுதுவார். அவருக்குக் கீழே அடுத்தாளும், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையனும் இருப்பர். பகலில் கொடுக்கல் வாங்கல் நடந்த அதே கூடத்தில் இரவில் பாய் விரிக்கப்படும். உணவு பொதுச் சமையலிலிருந்து வரும்.

இவர்களின் முதலாளியோ கடல் கடந்து காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். ஆட்கள் பொதுவாக மூன்றாண்டுக் கணக்கில் அனுப்பப்பட்டனர். நாள்தோறும் அருகிலிருந்து மேற்பார்ப்பவர் எவருமிலர்; கடிதமும் கணக்கேடும் நம்பிக்கையுமே அந்த நிருவாகத்தின் கருவிகள். தொலைவிலிருந்து பணி செய்தல் என இன்று பேசப்படும் முறைக்கு இதனினும் பழைய எடுத்துக்காட்டை நம்மவரிடையே தேடுதல் அரிது. பணம் பெருக்குவதில் அம்முறை பெரிதும் வெற்றி கண்டது. ஆயினும் அதன் விலையையும் மறத்தலாகாது. மனைவி மக்கள் செட்டிநாட்டில், உழைப்பவர் கொழும்பில். வேலை நேரம் இது, ஓய்வு நேரம் இது என்று வரையறுக்க அங்கே சுவருமில்லை, மணியுமில்லை. தொழில் நடக்கும் இடத்திலேயே துயில்கின்றவனுக்குத் தொழில் ஒருபோதும் முடிவதில்லை என்பதைச் செட்டியார் தெரு அன்றே கண்டிருந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் நகரின் அமைப்பு மாறிற்று. 1875ஆம் ஆண்டில், பின்னாளில் ஏழாம் எட்வேட் மன்னராக முடிசூடிய வேல்ஸ் இளவரசர் கொழும்புத் துறைமுக அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டினார். 1885ஆம் ஆண்டில் அது நிறைவெய்தியது. துறைமுகம் பெருகப் பெருக, ஒரு காலத்தில் செல்வர் மாளிகைகள் விளங்கிய கொட்டாஞ்சேனையும் முகத்துவாரமும் தொழிலாளர் குடியிருப்புகளாயின. செல்வர் கறுவாத்தோட்டத்தை நோக்கி நகர்ந்தனர். தெற்கே வெள்ளவத்தையில் நெசவாலை ஒன்று எழுந்தது. கடற்கரையோரமாகச் சென்ற புகையிரதப் பாதை கோட்டையிலுள்ள கந்தோர்களையும் தென்புறத்துக் குடியிருப்புகளையும் இணைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இலிகிதர்களுக்கு வெள்ளவத்தை காலப்போக்கில் இரண்டாம் ஊராயிற்று. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்ற யாழ்ப்பாணத்துப் பழமொழி, அரசாங்கச் சேவையிலிருந்த நிலையான சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் மனத்திற்கொண்டு எழுந்ததே. ஊழியர் நலம் என்ற சொல் வழக்கிற்கு வருமுன்னரே அதன் உட்பொருளை அம்மக்கள் நன்குணர்ந்திருந்தனர்.

ஆனால் அந்நலம் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. துறைமுகத் தொழிலாளிக்குக் கப்பல் வந்த நாளில் வேலை. வராத நாளில் பட்டினி. ஆலைத் தொழிலாளிக்குச் சங்கொலியே சட்டம். தனியார் கம்பனி இலிகிதர் வெள்ளை உடுப்பு அணிந்திருந்தாலும், துரையின் ஒரு சொல்லால் வேலை இழக்கத்தக்கவராகவே இருந்தார். 1893ஆம் ஆண்டில் கொழும்பு அச்சகத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்து, இந்நாட்டின் முதலாவது தொழிற்சங்கத்தை அமைத்தனர். 1922ஆம் ஆண்டில் ஏ. ஈ. குணசிங்க இலங்கைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலேயே புகையிரதத் தொழிற்சாலையில் மூண்ட வேலைநிறுத்தம் நகரெங்கும் பரவிற்று. 1927ஆம் ஆண்டில் துறைமுகத் தொழிலாளர் சுமார் 13,000 பேர் வேலையை நிறுத்தினர். தஞ்சையிலிருந்து வந்து கொழும்பிலே பத்திரிகைத் தொழில் நடத்திய கோ. நடேசையர், தமது 'தேசபக்தன்' வாயிலாகத் தமிழ்த் தொழிலாளரிடையே இவ்வுணர்ச்சியைப் பரப்பினார்.

கடலின் அக்கரையிலும் இதே குரல் எழுந்திருந்தது. 1918ஆம் ஆண்டு ஏப்பிரில் 27ஆம் நாள் நிறுவப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தோற்றத்தை நோக்குக. பி. பி. வாடியா, திரு. வி. கலியாணசுந்தரனார் போன்றோர் துணைநின்ற அச்சங்கம் எழுவதற்குக் காரணமான குறைகளுள், பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகளில் நண்பகல் உணவுக்கு விடப்பட்ட இடைவேளை போதாமை முதன்மையானது. மென்று விழுங்கவும் நேரமின்றி மீண்டும் எந்திரத்தின் முன் ஓட வேண்டிய நிலை அது. சம்பளத்தோடு சேர்த்து, உண்ணவும் இளைப்பாறவும் வேண்டிய சில நிமிடங்களுக்காகவும் மனிதர் போராட வேண்டியிருந்தது.

1928ஆம் ஆண்டில் கொழும்பு வணிக நிலையங்களின் இலிகிதர்களுக்காக இலங்கை வணிக ஊழியர் சங்கம் தோன்றிற்று. 1929ஆம் ஆண்டில் முதலாளிமாரும் தமக்கெனச் சம்மேளனம் ஒன்றை அமைத்துக்கொண்டனர். இரு தரப்பும் எதிரெதிரே அமர்ந்து பேசும் காலம் இவ்வாறு பிறந்தது. 1933ஆம் ஆண்டில் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர், உலகப் பொருளாதார மந்தத்தின் சுமை தம் சம்பளத்தின் மேல் இறக்கப்பட்டபோது வேலைநிறுத்தஞ் செய்தனர். மலையாளிகளும் தமிழரும் சிங்களவரும் ஒருங்கே நின்ற அப்போராட்டத்தில் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா முன்னின்றார். குணசிங்க அவர்களின் ஆதரவு அதற்குக் கிட்டவில்லை. முதிர்ந்த தலைவருக்கும் இளைய தலைவர்களுக்குமிடையே விழுந்த அப்பிளவு, 1935ஆம் ஆண்டில் இடதுசாரிக் கட்சி தோன்றுவதற்கு வழிகோலிய நிகழ்ச்சிகளுள் ஒன்றாயிற்று.

கந்தோர் ஊழியரின் வரலாற்றில் 1947ஆம் ஆண்டு மறக்கவொண்ணாதது. அரசாங்க இலிகிதர்கள் அதுகாறும் நாகரிகமான கூலிகள் என்றே கருதத்தக்க நிலையில் இருந்தனர். முழுமையான தொழிற்சங்க உரிமை அவர்களுக்கு இல்லை. அவ்வுரிமையையும் பிற கோரிக்கைகளையும் முன்வைத்து அவர்கள் வேலையை நிறுத்தினர். யூன் 5ஆம் நாள் ஊர்வலத்தின்மீது பொலிசார் துப்பாக்கிப் பிரயோகஞ் செய்தபோது, வே. கந்தசாமி என்ற தமிழ் இலிகிதர் உயிர் நீத்தார். பேனா பிடித்த கைக்கு உரிமை கேட்கச் சென்றவர் இல்லம் திரும்பவில்லை. இந்நாட்டின் தொழிலாளர் இயக்கம், மொழி இன வேறுபாடின்றி அவர் பெயரை நெடுங்காலம் போற்றி வந்தது.

அந்த வேலைநிறுத்தம் மேலும் இருவரின் வாழ்வைத் திசை திருப்பிற்று. இலிகிதர் சங்கத் தலைவராயிருந்த ரி. பி. இலங்கரத்ன சேவையிலிருந்து நீக்கப்பட்டு அரசியலில் இறங்கினார். விவசாயத் திணைக்களத்தில் விரிவுரையாளராயிருந்த பாலா தம்பு என்ற தமிழரும் வேலைநிறுத்தத்திற் கலந்துகொண்டமைக்காகப் பதவி இழந்தார். இவர் 1948ஆம் ஆண்டில் வணிக ஊழியர் சங்கத்தின் பொதுச் செயலாளராகி, 2014ஆம் ஆண்டில் மறையும்வரை அப்பொறுப்பிலேயே இருந்தார். இலங்கரத்னவோ 1956ஆம் ஆண்டில் தொழில் அமைச்சரானார். முன்னாளில் வேலையை இழந்த இலிகிதர், 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் ஊழியர் சேமலாப நிதியை நிறுவினார். அரசாங்க உத்தியோகத்தருக்கு மட்டும் உரியதாயிருந்த முதுமைக் காப்பு, தனியார் கம்பனிச் சிப்பந்திக்கும் ஓரளவு கிட்டியது அன்றிலிருந்துதான். இன்று ஊழியர் தம் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதமும், தொழில் கொள்வோர் 12 வீதமும் இந்நிதிக்குச் செலுத்துகின்றனர்.

சட்டங்களின் வரிசையை ஒருமுறை நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். 1934ஆம் ஆண்டில் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். 1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். 1941இல் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம். 1942இல் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். 1954இல் கடை, அலுவலக ஊழியர் சட்டம். இவற்றுள் இறுதியிற் கூறப்பட்ட 19ஆம் இலக்கச் சட்டமே கந்தோர் ஊழியரின் காவல். நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 45 மணி என வேலை நேரத்தை அது வரையறுத்தது. மேலதிக வேலைக்கு எல்லையும் தனிக் கொடுப்பனவும் விதித்தது. வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வும், ஆண்டில் 14 நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் வழங்கியது. உணவு இடைவேளையை உரிமையாக்கியது. இச்சட்டங்கள் யாவும் இரண்டு அளவுகோல்களைக் கொண்டு எழுதப்பட்டவை. ஒன்று கடிகாரம், மற்றையது வாயிற்படி. தொழிற் பரிசோதகர் வந்து பார்க்கத்தக்க ஓர் இடம் உண்டு, ஊழியர் உள்ளே நுழையும் நேரமும் வெளியேறும் நேரமும் ஓர் ஏட்டில் எழுதப்படும் என்ற அடிப்படையிலேயே அக்காவல் நின்றது.

இவ்விடத்தில் இன்னொரு செய்தியையும் விட்டுவிடலாகாது. நலம் என்பது சம்பளத்தோடும் விடுமுறையோடும் முடிவதன்று. அச்சமின்றி வேலைக்குச் சென்று மீளுதலும் அதன் உறுப்பு. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் தமிழ் உத்தியோகத்தரின் எதிர்காலத்தைக் குறுக்கியது. 1958ஆம் ஆண்டிலும் 1983ஆம் ஆண்டு யூலையிலும் நடந்த வன்செயல்களில் கொழும்பு வாழ் தமிழர் உயிரையும் உடைமையையும் இழந்தனர். வெள்ளவத்தையிலிருந்து பலர் கடல் கடந்து சென்றனர். எட்டு மணி நேர வேலையை எழுத்தில் உறுதி செய்த நாடு, அவ்வேலைக்குச் செல்லும் வழியை உறுதி செய்யத் தவறியது. எந்த ஊழியர் நலத் திட்டமும் இந்த அடித்தளமின்றி நில்லாது.

இனி, இல்லம் மீண்டும் கந்தோரான கதைக்கு வருவோம். கணினியும் தொலைபேசியும் பெருகிய காலத்தில் ஊழியர் கந்தோருக்கு வராமலே பணி செய்யலாம் என்ற எண்ணம் மேல்நாட்டில் முன்னரே தோன்றியிருந்தது. 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜாக் நில்ஸ் என்பவர், போக்குவரத்து நெரிசலுக்கு மாற்றாக இதனைச் சோதித்துப் பார்த்தார். கொழும்பிலோ அவ்வெண்ணத்தை நிறைவேற்றியது பெருந்தொற்று. 2020 மார்ச் 20ஆம் நாள் மாலை ஊரடங்குச் சட்டம் பிறந்தது. இரண்டு மாதங்களுக்கு மேலாகத் தலைநகர் அடைபட்டுக் கிடந்தது. வங்கி, காப்புறுதி, மென்பொருள், கணக்கியல் ஆகிய துறைகளில் உள்ளோர் பலர் வீட்டு மேசையிலிருந்தே தொழிலைத் தொடர்ந்தனர்.

வெள்ளவத்தையில் பழைய நெசவாலை நின்ற நிலத்தில் இன்று ஹெவ்லொக் சிற்றி என்னும் அடுக்குமாடித் தொகுதி நிற்கின்றது. சங்கொலிக்குப் பயந்து தொழிலாளர் ஓடிவந்த மண்ணின் மேலே, மாடிக்கு மாடி இல்லங்கள். அத்தகைய இல்லங்களிலே கணினித் திரைகள். காலம் செய்த விந்தை இது. ஆனால் அதே நகரின் வடபால் நோக்குக. கப்பலிலிருந்து பண்டம் இறக்குபவனும், புறக்கோட்டையில் மூட்டை சுமப்பவனும், முச்சக்கரவண்டி ஓட்டுபவனும் தம் தொழிலை இல்லத்திற்குக் கொண்டுசெல்ல இயலுமா? 2020 ஒக்டோபரில் கொட்டாஞ்சேனை உள்ளிட்ட வட கொழும்புப் பகுதிகள் தனிமைப்படுத்தல் ஊரடங்கிற்குட்பட்டபோது, நாட்கூலி பெறுவோரின் வருவாய் அப்படியே அற்றுப்போயிற்று. ஒருவனுக்கு வீட்டிலிருத்தல் வேலை. மற்றொருவனுக்கு வீட்டிலிருத்தல் பட்டினி. வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையே பல நூற்றாண்டுத் தூரம் இருப்பதுபோலத் தோன்றிய நாட்கள் அவை.

இல்லத்திலிருந்து பணி செய்தவர்க்கும் எல்லாம் இனிமையாக அமையவில்லை. பயணக் களைப்பும் செலவும் மிஞ்சின என்பது மெய். பிள்ளைகளின் முகம் பார்த்து உண்ண முடிந்தது என்பதும் மெய். ஆயின் ஒரே அறையில் பிள்ளைகளின் இணையவழி வகுப்பும், தந்தையின் கணக்கு வேலையும், தாயின் தொலைபேசிக் கூட்டமும் நிகழ வேண்டியதாயிற்று. அடுப்பில் சோறும் மடியில் கணினியுமாகப் பெண்கள் இருமடங்கு உழைத்தனர். இரவு பத்து மணிக்கும் மேலதிகாரியின் செய்தி வரலாயிற்று. 2022ஆம் ஆண்டில் பொருளாதார நெருக்கடி முற்றியபோது, எரிபொருள் இன்மையால் யூன் 20ஆம் நாளிலிருந்து அரசாங்க ஊழியரிற் பெரும்பாலோர் வீட்டிலிருந்து பணிபுரியப் பணிக்கப்பட்டனர். ஆனால் அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் துண்டிக்கப்பட்ட நாடு இது. மின்சாரமற்ற வீட்டிலே கணினியைக் கொண்டு எவ்வேலை செய்வது? கந்தோர் என்றால் மின்பிறப்பாக்கி வைத்திருத்தல் நிறுவனத்தின் பொறுப்பு. இல்லம் என்றால் அச்சுமை ஊழியரின் தலையில் விழுந்தது.

இங்குதான் பழைய சட்டத்தின் இரு அளவுகோல்களும் தடுமாறுகின்றன. வாயிற்படி இல்லாத வேலைக்கு நேரத்தைக் குறித்து வைப்பவர் யார்? வேலையின் பொருட்டு வீட்டிலே மின்கம்பியைத் தொட்டு ஒருவர் காயமுற்றால், அது தொழிலால் நேர்ந்த விபத்தா, இல்லறத்தில் நேர்ந்ததா? உலகம் இவ்வினாக்களை எதிர்கொள்ளத் தொடங்கிவிட்டது. சர்வதேச தொழிலாளர் தாபனம் 1996ஆம் ஆண்டிலேயே வீட்டு வேலை பற்றிய 177ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றி, வீட்டிலிருந்து ஊதியத்திற்கு உழைப்போரை ஏனைய ஊழியருக்கு நிகராக நடத்த வேண்டுமென்றது. பிரான்சு 2016ஆம் ஆண்டில், வேலை நேரத்தின் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைச் சட்டமாக்கியது. போர்த்துக்கல் 2021ஆம் ஆண்டில், ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளாதிருத்தலை முதலாளியின் கடமையாக்கியது. அதே ஆண்டில் உலக சுகாதார தாபனமும் சர்வதேச தொழிலாளர் தாபனமும் கூட்டாக வெளியிட்ட ஆய்வு, வாரத்தில் 55 மணியோ அதற்கு மேலோ உழைத்தமை காரணமாக 2016ஆம் ஆண்டில் மட்டும் 7,45,000 பேர் பாரிசவாதத்தாலும் இருதய நோயாலும் இறந்தனரெனக் கணித்தது. இவற்றை நோக்குமிடத்து, 1954ஆம் ஆண்டின் 45 மணி நேரம் சோம்பேறிகள் கேட்ட சலுகை அன்றென்பது தெளிவாகும்.

ஆகவே ஊழியரை இல்லத்திலிருந்து பணிபுரியச் சொல்லும் நிறுவனம், கந்தோரில் தான் செய்துவந்த கடமைகளையும் உடன் அனுப்புதல் முறையாகும். இணையத்திற்கும் மின்சாரத்திற்கும் ஆகும் செலவில் பங்கேற்றல், முதுகு நோகாத நாற்காலி மேசைக்கு வழி செய்தல், வேலை தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் எழுத்தில் வகுத்தல், முடிந்த பின் அழையாதிருத்தல், வாரத்தில் சில நாட்களேனும் சக ஊழியர் கூடிப் பேச இடமளித்தல் ஆகியன அக்கடமைகள். இவை எவையும் தருமமாகக் கொடுக்கப்படுவன அல்ல. இறுதியிற் கூறியது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அச்சகத் தொழிலாளர் முதல் அரசாங்க இலிகிதர் வரை யாவரும் தம் குறையைப் பொதுக்குறை என உணர்ந்தது, ஒரே இடத்தில் கூடி உழைத்தமையால் அன்றோ? தனித்தனி அறைகளில் திரையின் முன் அமர்ந்திருப்போர் ஒருவர் துயரை ஒருவர் அறிவது எளிதன்று.

செட்டியார் தெருக் கிட்டங்கியில் வாழ்ந்த அடுத்தாள், தன் ஓய்வு எங்கே தொடங்குகிறது என்று கேட்க அறியாதவன். அதைக் கேட்கக் கற்றுக்கொண்டவர்கள் அவனுக்குப் பின்வந்த அச்சகத் தொழிலாளரும், துறைமுகத் தொழிலாளரும், ஆலைத் தொழிலாளரும், இலிகிதருமே. அவர்கள் பெற்றுத் தந்த விடை சட்டப் புத்தகத்தில் இன்றும் இருக்கின்றது. இல்லம் கந்தோராகும் இக்காலத்திற்கு ஏற்ப அவ்விடையைத் திருத்தி எழுதுவது சட்டசபைக்கும் நிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும் உரிய பணி. அதனை எழுதுங்கால், இல்லத்திற்கு வேலையைக் கொண்டுசெல்ல இயலாத கொட்டாஞ்சேனைத் தொழிலாளிக்கும் அதில் ஒரு வரி இருத்தல் வேண்டும்.